மாம்பூ வெளுப்பதும் காய் கறுப்பதும் ஒரே நோயா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. பெங்களூரா நூறு மரம் இருக்கும், அல்போன்சா இருபது. எல்லாமே இருபது வயது ஒட்டு மரங்கள். நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன், சனி, ஞாயிறுதான் ஊருக்கு வர முடியும். போன தை மாதம் பூ நன்றாக வந்தது. பத்துப் பதினைந்து நாளில் கொத்தெல்லாம் வெள்ளை மாவாகப் படிந்து, பட்டாணி அளவுப் பிஞ்சுகள் கொட்டிவிட்டன. அப்பா பனியில் கருகிவிட்டது என்கிறார். கடையில் கேட்டு, அவர்கள் கொடுத்த நான்கு மருந்தை ஒன்றாகக் கலந்து மூன்று தடவை அடித்தோம். அப்புறமும் நின்ற அல்போன்சா காய்களை அறுக்கும்போது சுத்தமாகத்தான் இருந்தன. பழுக்கிற நேரத்தில் கரும்புள்ளி விழுந்து, வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். இலைகளிலும் கரி படிந்திருக்கிறது. இது என்ன நோய் சார்? ஒரே மருந்தில் தீருமா? மரத்தை வெட்டிவிட்டுத் தென்னை வைக்கச் சொல்கிறார்கள். வெட்டிவிடலாமா?

பதில்: தம்பி, மரத்தை வெட்டாதீர்கள். இருபது வயது ஒட்டு மாமரம் நல்ல காய்ப்பில் நிற்கிற மரம். நீங்கள் எழுதியிருக்கிற எதுவும் மரத்தைச் சாகடிக்கிற நோய் இல்லை. பூவையும் பிஞ்சையும் காயையும் பிடிக்கிறவை, அடுத்த பருவத்திலேயே பெருமளவு கட்டுப்படுத்திவிடலாம்.

ஆனால் ஒரே மருந்தில் தீருமா என்ற கேள்விக்கு, தீராது என்பதுதான் பதில். நீங்கள் ஒரே நோயாக நினைத்து எழுதியிருப்பது மூன்று. தை மாதம் பூவில் வந்த வெள்ளை சாம்பல் நோய். பழத்தில் விழுந்த கரும்புள்ளி ஆந்த்ராக்னோஸ். இலையில் படிந்த கரி, கரும்பூசணம். மூன்றுமே பூஞ்சாணம்தான், ஆனால் மூன்றும் மூன்று விதமாக வாழ்கின்றன. முதல் இரண்டுக்கும் பிடித்த வானிலை நேர் எதிர். சாம்பல் நோய்க்கு மழை ஆகாது. ஆந்த்ராக்னோஸுக்கு ஈரம் இல்லாவிட்டால் வாழ்வே இல்லை. இது புரிந்துவிட்டால் எதை எப்போது அடிக்க வேண்டும் என்பதைக் கடையில் போய்க் கேட்க வேண்டியதில்லை. மரத்தையும் வானத்தையும் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் வெள்ளை. அடுத்த மார்கழி கடைசியில் ஊருக்கு வரும்போது, காலையிலேயே தோப்புக்குப் போய்க் கீழ்க்கிளைகளில், நிழலில் இருக்கிற பூங்கொத்துகளைப் பாருங்கள். கொத்தின் காம்பில், பூ மொட்டின் அடியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் விரலால் தடவுங்கள். தூள் விரலில் ஒட்டினால் சாம்பல் நோய். இது உயிருள்ள இளந்திசுவில் மட்டும்தான் வளரும். பூக்காம்பு, பூ, பிஞ்சு, தளிர் இலை, இவைதான் இதற்கு இடம். முற்றிய இலையை ஒன்றும் செய்யாது. நோய் பிடித்த பூ விரியாமலே காயும், விரிந்தாலும் கருத்தரிக்காது. பிஞ்சில் வந்தால் தோல் சொரசொரப்பாகி, காம்பு வலுவிழந்து, சின்னக் காற்றுக்கே விழுந்துவிடும். உங்கள் பட்டாணிப் பிஞ்சுகள் கொட்டியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாங்கொத்து ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கும். அவற்றில் பாதிக்கு மேல் ஆண் பூக்களாகவே இருக்கலாம். கொத்துக்கு ஒன்றிரண்டு காய் கடைசி வரை நின்றாலே அது நல்ல விளைச்சல். அதனால் பிஞ்சு உதிர்வதெல்லாம் நோய் இல்லை. உதிர்ந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் படலமும் தோல் சொரசொரப்பும் இருந்தால் நோய். பச்சையாக, வழவழவென்று இருந்தால் அது மரம் தானாகக் கழித்தது. இதைப் பார்க்காமல் உதிர்வைக் கண்ட உடனே மருந்து டேங்கைத் தூக்குவதால்தான் பாதிச் செலவு வீணாகிறது.

அப்பா சொல்வதையும் நான் ஒதுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோப்பைப் பார்த்தவர்கள் பனிக்கும் பூ கருகுவதற்கும் தொடர்பு இருப்பதைச் சரியாகவே கண்டார்கள். பனி மட்டும் பூவைக் கருக்காது, பனிக்காலம் நோய்க்கு வழி விடுகிறது. கிருஷ்ணகிரியில் மார்கழி, தை இரவுகளில் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்கும். பகலில் மிதமான வெயில், விடியலில் பனி மூட்டம். சாம்பல் நோய்க்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. இதன் வித்துகள் முளைக்க இலை நனைந்திருக்க வேண்டியதில்லை, காற்றிலிருக்கிற ஈரப்பதமே போதும். பரவுவதும் காற்றில்தான். பக்கத்துத் தோப்பில் யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த ஓரத்து வரிசையில்தான் முதலில் வெள்ளை தெரியும். உங்கள் பார்வையை அங்கிருந்து தொடங்குங்கள்.

இதற்கான மருந்து பழையது, விலை குறைந்தது, இன்றைக்கும் வேலை செய்கிறது: நனையும் கந்தகம். 80 சதவீதத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, பூங்கொத்து இரண்டு மூன்று அங்குலம் நீண்டு பூ இன்னும் விரியாத நிலையில் முதல் தெளிப்பைக் கொடுங்கள். வெள்ளை தெரிவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கந்தகம் தடுக்கிற மருந்து. பூஞ்சாணம் திசுவுக்குள் வேர் விட்ட பிறகு கந்தகத்தின் பலம் குறைவு. வெயில் ஏறுவதற்கு முன் காலையிலோ மாலையிலோ அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் பூ வெந்துவிடும். வேப்ப எண்ணெயோ வேறு எண்ணெய் மருந்தோ அடித்திருந்தால் இரண்டு வாரம் கழியாமல் கந்தகத்தைத் தொடாதீர்கள், அதுவும் கருக்கும்.

அப்புறமும் வெள்ளை தெரிந்தால் ஹெக்சகோனசோல் 5 சதவீதத் திரவம், லிட்டருக்கு 1 மில்லி. இது ஊடுருவிப் பாயும் மருந்து. பூ விரிவதற்கு முன்னால் ஒரு முறை, பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஒரு பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் அதே வகை மருந்தை அடிக்க வேண்டாம். அதையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணம் அதற்குப் பழகிவிடும். கந்தகத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அதனால்தான் அதை முதலில் வைத்தேன்.

பழைய கையேடுகளைப் பார்த்து மருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாம்பல் நோய்க்கு ட்ரைடெமார்ஃப் என்றும், பழம் நனைக்க பெனோமில் என்றும் அவற்றில் இருக்கும். இரண்டையும் மத்திய அரசு 2018-ல் தடை செய்துவிட்டது. யாராவது மிச்சச் சரக்கு கொடுத்தால் வாங்காதீர்கள்.

பூ முழுக்க விரிந்திருக்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் எந்த மருந்தும் வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது ஈயும் தேனீயும். ஈ மொய்க்கிறது என்று அருவருப்பாக நினைக்கிற அதே ஈதான் உங்களுக்குக் காய் பிடித்துக் கொடுக்கிறது. கடையில் கொடுத்த நான்கு மருந்தில் ஒன்று நிச்சயம் பூச்சிக்கொல்லியாக இருந்திருக்கும். அதைப் பூ விரிந்த நேரத்தில் அடித்திருந்தால், வெள்ளையிலிருந்து தப்பித்த பூவும் காய் பிடிக்காமல் போயிருக்கும். நான்கு மருந்தை ஒரே டேங்கில் கலப்பதை நான் எப்போதுமே எதிர்ப்பேன். எது வேலை செய்தது, எது கருக்கியது என்று கடைசி வரை தெரியாது. ஒன்றோடு ஒன்று சேராமல் திரிந்தால் பணமும் போய், பூவும் போகும். பூஞ்சாணத்துக்கு ஒன்று, கூடவே ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மில்லி. அதற்கு மேல் வேண்டாம்.

இனி கருப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி, அறுக்கும்போது சுத்தமாக இருந்த காய் பழுக்கும்போது கறுத்தது என்பது. ஆந்த்ராக்னோஸின் குணம் அதுதான். பழம் மண்டிக்குப் போன பிறகு இந்த நோய் வரவில்லை. காய் கோலிக்குண்டு அளவில், எலுமிச்சை அளவில் இருந்தபோது பெய்த கோடை மழையிலேயே வந்துவிட்டது. மழை நீரில் வழிந்த வித்து பிஞ்சின் தோலில் விழுந்து முளைத்து, தோலைத் துளைத்து, ஒரு சின்னப் பிடிமானம் போட்டுக்கொண்டு அங்கேயே அடங்கிக் கிடக்கும். பச்சைக் காயின் தோலில் பூஞ்சாணத்தை அடக்கி வைக்கிற பொருட்கள் இருக்கின்றன. காய் பழுக்கப் பழுக்க அவை குறையும். குறைந்ததும் உறங்கியது எழுந்து பரவும். கண்ணுக்குப் புள்ளி தெரிவது அப்போதுதான். ஆகவே புள்ளியைப் பார்த்த பிறகு மருந்து அடிப்பதில் பயனில்லை, வேலை இரண்டு மூன்று மாதம் முன்பே நடந்திருக்க வேண்டும்.

அந்த வித்து எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இந்தப் பூஞ்சாணம் சாம்பல் நோய் மாதிரி உயிருள்ள திசுவை மட்டும் நம்பியிருப்பதில்லை. காய்ந்த குச்சியில், போன வருடத்துக் கருகிய பூங்கொத்தில், கீழே கிடக்கும் சருகில் ஒரு வருடம் முழுக்க இருக்கும். மழை பெய்தால் அதிலிருந்து வித்து கரைந்து சொட்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஈரம் காயாமல் இருந்து, வெப்பம் 25-லிருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் போதும், பிடித்துவிடும். தோப்பிலேயே இதற்குச் சாட்சி கிடைக்கும். சில காய்களில் காம்பிலிருந்து கீழ் நோக்கிக் கறுத்த கோடுகள் ஓடியிருக்கும், கண்ணீர் வழிந்த தடம் மாதிரி. அப்படி ஒரு காயைப் பார்த்தால் நிமிர்ந்து அதற்கு நேர் மேலே பாருங்கள். அநேகமாக ஒரு பட்ட குச்சியோ, உதிராமல் நிற்கிற பழைய பூங்கொத்தோ இருக்கும். அதிலிருந்து சொட்டிய நீர்தான் அந்தக் கோடு.

எனவே ஆந்த்ராக்னோஸுக்கு முதல் மருந்து கவாத்து. அறுவடை முடிந்து ஆடி, ஆவணியில், மழை ஓய்ந்த நாட்களாகப் பார்த்து ஆளை விட்டு மரத்துக்குள் ஏறச் சொல்லுங்கள். பட்ட குச்சி, பழைய பூக்காம்பு, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, நடுமரத்தில் நெட்டுக்குத்தாக வருகிற போத்து எல்லாவற்றையும் எடுங்கள். மரத்தடியில் நின்று அண்ணாந்தால் வானம் திட்டுத் திட்டாகத் தெரிய வேண்டும். உள்ளே வெயிலும் காற்றும் போனால் மழை பெய்த ஈரம் சீக்கிரம் காயும், காய்ந்தால் இந்தப் பூஞ்சாணம் முளைக்காது. வெட்டியதை மரத்தடியிலேயே குவித்து வைத்தால் கவாத்து செய்ததற்கே பலனில்லை. தோப்புக்கு வெளியே கொண்டு போய் எரித்துவிடுங்கள்.

நுனியிலிருந்து கீழ் நோக்கிக் காய்ந்து வருகிற கிளை இருந்தால் அது நுனிக்கருகல், வேறொரு பூஞ்சாணம். அதைக் காய்ந்த இடத்தோடு வெட்டாமல், பச்சை இருக்கிற பகுதியில் மூன்று நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வெட்டுங்கள். வெட்டுவாயைப் பாருங்கள், உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும். பெரிய வெட்டுக்காயங்களுக்கு போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் மொத்தம் பத்து லிட்டர்.

கவாத்து முடிந்ததும் மரம் முழுக்க ஒரு சதவீத போர்டோ கலவை. மயில்துத்தம் ஒரு கிலோவை 50 லிட்டர் தண்ணீரிலும், நீர்த்த சுண்ணாம்பு ஒரு கிலோவை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் டிரம் எடுத்துக்கொள்ளுங்கள். கலந்த பின் பளபளப்பான கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்புச் சிவப்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றைக்கே அடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. இவ்வளவு மெனக்கெட ஆள் இல்லையென்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் போதும். பூ விரிந்த நேரத்தில் மட்டும் செம்பு மருந்து எதையும் கொண்டு போகாதீர்கள்.

இங்கே ஒரு சங்கடம் இருப்பது எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் பல தோப்புகளைப் பூவிலேயே குத்தகைக்குப் பேசிவிடுகிறோம். குத்தகைக்காரர் பூவிலிருந்து காய் அறுக்கும் வரைதான் பார்ப்பார். கவாத்து செய்வது அவர் வேலையும் இல்லை, குத்தகைக்கு விட்டுவிட்டோமே என்று நாமும் செய்வதில்லை. நோய் தங்குகிற காலம் ஆடியிலிருந்து கார்த்திகை வரை, அந்தக் காலத்தில் தோப்புக்கு யாரும் பொறுப்பில்லாமல் கிடக்கிறது. உங்கள் தோப்பும் அப்படிப் போகிறதா என்று கடிதத்தில் இல்லை. போகிறதென்றால், கவாத்துச் செலவு யார் தலையில் என்று பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தை எந்தத் தேதியில் அடித்தார் என்று ஒரு நோட்டில் குத்தகைக்காரர் எழுதித் தர வேண்டும் என்றும் கேளுங்கள். வெளிநாட்டுக்கு மாங்கூழ் அனுப்புகிற ஆலைகளுக்கு மருந்து எச்சம் பெரிய விஷயம். அந்த நோட்டு நாளைக்கு உங்களுக்கே உதவும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிற தளிரைக் கவனியுங்கள். செந்நிறமாக இருக்கிற இளந்தளிரில் ஆந்த்ராக்னோஸ் எளிதில் பிடிக்கும். பழுப்புத் திட்டு விழுந்து, காய்ந்து, பொத்தலாகும். அந்த இலைதான் தை மாதம் பூவுக்கு வித்தைக் கொடுக்கும். அந்தக் காலத்தில் யூரியா போட்டுத் தளிரைக் கூட்டாதீர்கள். இரசாயனம் குறைக்க நினைத்தால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிற சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் இருக்கிறது. மாமரத்துக்கு எஃப்.பி. 7 என்ற இனம். லிட்டருக்கு 5 கிராம், அக்டோபரில் தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒரு முறை. இது உயிருள்ள பாக்டீரியா, செம்பு மருந்தோடு கலந்தால் செத்துவிடும். பத்து நாளாவது இடைவெளி விடுங்கள். பூச்சிக்கொல்லி அடித்த டேங்கை நன்றாகக் கழுவாமல் இதை ஊற்றாதீர்கள். இதைத் தொடர்ந்து அடித்தால்தான் பலன், நோய் வந்த பிறகு ஒரு முறை அடித்துவிட்டு எதிர்பார்க்கக் கூடாது.

காய் பிடித்த பிறகு உங்களை வழிநடத்த வேண்டியது மழை. பங்குனி, சித்திரையில் கோடை மழை வராத வருடம் ஆந்த்ராக்னோஸுக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம், சேமிப்புதான். மழை மேகம் கட்டி இரண்டு நாளாக மூடியே இருக்கிறது, காய் கோலிக்குண்டுக்கு மேல் இருக்கிறது என்றால் மழைக்கு முன் மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் அடிக்கலாம். மழை பலமாகப் பெய்து கழுவிவிட்டால் பதினைந்து நாளில் இன்னொன்று, இந்த முறை அசாக்சிஸ்ட்ரோபின் 23 சதவீதம் லிட்டருக்கு 1 மில்லி. இது சாம்பல் நோயையும் பார்த்துக்கொள்ளும். கார்பென்டாசிம் லிட்டருக்கு ஒரு கிராம் என்பதும் பரிந்துரையில் இருப்பதுதான். ஆனால் பல இடங்களில் இந்தப் பூஞ்சாணம் அதை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது, அதனால் நான் அதை நம்பி இருக்கமாட்டேன். எதை வாங்கினாலும் உறையில் மா என்று எழுதியிருக்கிறதா, அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்த பிறகு பணம் கொடுங்கள்.

பெங்களூராவுக்கும் அல்போன்சாவுக்கும் ஒரே கணக்கு போட வேண்டாம். கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூராவில் தோலில் நாலு புள்ளி இருந்தால் குடி முழுகாது, சதைக்குள் அழுகல் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். சாப்பாட்டுப் பழமாகப் போகிற அல்போன்சாவில் தோல்தான் விலை. ஆகவே காய்ப்பருவத்தில் கையில் காசு குறைவாக இருந்தால் அந்த இருபது மரத்துக்கு முதலில் அடியுங்கள். அறுக்கும்போது ஒரு விரல்கடை காம்பு விட்டு அறுத்து, மண்ணில் போடாமல், பால் வடிய விட்டு அடுக்குங்கள். காம்போடு ஒட்ட முறித்தால் காம்பு வழியாக அழுகல் இறங்கும்.

அல்போன்சாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. அறுத்த அன்றே 52 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்கி எடுத்து, நிழலில் ஆற்றிக் காய வைத்தால் தோலுக்கடியில் உறங்குகிற ஆந்த்ராக்னோஸ் பெரும்பாலும் செத்துவிடும். ஒரு நல்ல வெப்பமானியும், சூடு சீராக இருக்கத் துழாவ ஒரு ஆளும் வேண்டும். கை வைத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். 55-ஐத் தாண்டினால் தோல் வெந்து நிறம் கெடும், 48-க்குக் கீழே போனால் பூஞ்சாணத்துக்கு ஒன்றும் ஆகாது. முதலில் ஒரு கூடையில் செய்து, ஒரு வாரம் பழுக்க வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

இலையில் இருக்கிற கரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடுகிறதா? வந்தால் கரும்பூசணம். அது மரத்தைத் தின்பதே இல்லை. தத்துப்பூச்சி பூங்கொத்தில் சாறு குடித்து வெளியேற்றுகிற இனிப்பு நீர் இலையில் படிகிறது, அதில் வளர்கிறது. மரத்தடியில் நடக்கும்போது சருகு காலில் பிசுபிசுவென்று ஒட்டினால், கொத்தைத் தட்டும்போது ஆப்பு வடிவத்தில் சின்னப் பூச்சிகள் துள்ளிப் பறந்தால் காரணம் அதுதான். பூச்சியைப் பூ விரிவதற்கு முன்பே கட்டுப்படுத்தினால் கரி வராது. ஏற்கெனவே படிந்ததற்கு மைதாக் கஞ்சி: ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறிய பின் இருபது லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்து, ஏடாக உரிந்து, கரியையும் எடுத்துக்கொண்டு விழும். மேகம் மூடிய நாளில் செய்யாதீர்கள்.

கரும்புள்ளி ஆந்த்ராக்னோஸ்தானா என்று உறுதிப்படுத்த வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். புள்ளி விழுந்த பழத்தை மூடியுள்ள டப்பாவில் ஈரப்பஞ்சோடு வைத்து மூன்று நாள் விடுங்கள். குழிந்த கரும்புள்ளியின் மேல் இளஞ்சிவப்பாகக் கசிவு வந்தால் ஆந்த்ராக்னோஸ். புள்ளி குழியாமல் மேடாகத் தடித்து, நட்சத்திரமாக வெடித்திருந்தால், இலையிலும் நரம்புக்குள் அடங்கிய கோணல் திட்டுகள் இருந்தால், அது பாக்டீரியா நோயாக இருக்கலாம். மேலே சொன்ன மருந்துகளில் செம்பைத் தவிர எதுவும் அதற்குக் கேட்காது. சந்தேகம் இருந்தால் இலை, குச்சி, காய் மூன்றையும் செய்தித்தாளில் சுற்றி, காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் இருக்கிற மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கோ எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் மையத்துக்கோ எடுத்துப் போங்கள். தருமபுரிப் பக்கத்து வாசகர்களுக்கு பாப்பாரப்பட்டி மையம் அருகில். பாலித்தீன் பையில் கட்டி எடுத்துப் போனால் வழியிலேயே அழுகி, எது நோய் என்று தெரியாமல் போய்விடும்.

வாரக் கடைசியில் மட்டும் வருகிறவரால் இதைப் பார்க்க முடியுமா என்று தயங்காதீர்கள். தோப்பின் நாலு மூலையிலும் நடுவிலுமாகப் பத்து மரத்துக்குச் சுண்ணாம்பு அடையாளம் வையுங்கள். வாரம் ஒரு முறை அந்தப் பத்து மரத்தில் கீழ்க்கொத்துகளைப் பார்த்தால் போதும். புதன்கிழமை அப்பா அதே மரங்களைப் போனில் படம் எடுத்து அனுப்பட்டும். பனி மூட்டமும் மேகமும் சேர்ந்த வாரத்தில் மட்டும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், சாம்பல் நோய் ஒரு வாரத்தில் கொத்தை முடித்துவிடும்.

மருந்து அடிப்பது அப்பாதான் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். மாமரத்துக்கு அண்ணாந்து அடிக்க வேண்டியிருக்கிறது, அடிக்கிற திரவம் முகத்திலேயே விழும். தலையில் துண்டு கட்டினால் போதாது. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகமூடி வாங்கிக் கொடுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்கச் சொல்லுங்கள். வளர்ந்த மரத்துக்குப் பத்து லிட்டர் வரை பிடிக்கும், உள் கிளைகளும் நனைய வேண்டும். உறையில் பச்சை முக்கோணம் போட்டிருந்தால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. டேங்கைக் கிணற்றடியில் கழுவாதீர்கள்.

கடிதத்தின் ஓரத்தில், உதிர்ந்த பிஞ்சை அம்மா மாவடு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மருந்தே அடிக்காத மரத்தில் விழுந்தது, வெள்ளைப் படலம் இல்லாதது என்றால் தாராளமாகப் போடலாம். அடித்த மரமென்றால் உறையில் போட்டிருக்கிற காத்திருப்பு நாட்கள் முடிகிற வரை ஒரு பிஞ்சையும் எடுக்க வேண்டாம், கழுவினாலும் வேண்டாம். ஊடுருவிப் பாயும் மருந்து தோலைக் கழுவுவதால் போகாது. வடுவுக்கென்று வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தை மருந்து அடிக்காமல் ஒதுக்கி வைத்துவிடுங்கள். காற்றில் மருந்து வராத இடமாக, தோப்பிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் நல்லது.